பதினேழாம் மதகு

பியூப்லோவுக்குக் கிழக்கே, கொலராடோவில்,
முப்பத்திரண்டு மைல் வாய்க்காலுக்கு நான் மடைக்காரன்.
பெயர் ஹார்லன் வாஸ்.
அணை வாஷிங்டனுடையது.
தண்ணீரும் வாஷிங்டனுடையதாம்.
மலையில் பனியாகக் கிடந்தபோது யாருடையது என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

பதினாறாம் மதகு வேலண்டின் வயலுக்கு. நார்க்கஞ்சா.
திறக்கலாம்.
பதினேழு லியோகாடியா ஆர்ச்சுலெட்டாவின் வயலுக்கு. கஞ்சா.
திறக்கக் கூடாது.
இரண்டும் ஒரே செடி.
அதே விரல் விரித்த இலை,
ஆகஸ்டில் அதே வாடை.
ஆய்வகத்தில் எவனோ அளந்த புள்ளி மூன்று சதவீதம்தான்
நடுவில் ஓடும் வேலி.

அவளிடம் உரிமம் இருக்கிறது,
மாநில முத்திரையோடு, கண்ணாடிச் சட்டத்துக்குள்.
ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட பட்டை,
ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைக்குக் கட்டுவது போல.
மாநிலத்துக்கு வரி கட்டுகிறாள்.
வாஷிங்டனுக்கும் கட்டுகிறாள்
(குற்றத்தின் மீது வரி வாங்க அவர்களுக்குக் கூச்சமில்லை).
வங்கி மட்டும் அவள் பணத்தைத் தொடாது.
பூட்ஸ் பெட்டியில் நோட்டுகளை அடுக்கி
டென்வர் வரை ஓட்டிப் போகிறாள்.
எண்ணுகிறவர் கையுறை மாட்டிக்கொள்வாராம்,
அவ்வளவு வாசனை.

ஜூலையில் அவள் கிணற்று மோட்டார் எரிந்தது.
உதிரிபாகம் வர ஒன்பது நாள்.
ஒருநாள் டேங்கர் லாரி நகரத் தண்ணீர் கொண்டுவந்தது.
மறுநாள் லாரி முதலாளிக்குச் சந்தேகம்:
நகரத் தண்ணீரும் அந்த அணையிலிருந்துதானே?
வக்கீலைக் கேட்டான்.
வக்கீல் யோசித்தார்.
யோசித்ததற்கு நானூறு டாலர்.
லாரி வரவில்லை.

சாயங்காலம் அவள் கரையில் வந்து நின்றாள்.
திற என்று கேட்கவில்லை,
அதுதான் கஷ்டம்.
தொப்பியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்,
வேறொருத்தி கட்டிக்கொண்டவனைப் பார்ப்பது மாதிரி.
"உன் முழங்கால் எப்படி?" என்றாள்.

அவள் தந்த தைலம்
என் டிரக்கில், வாசலின் டப்பாவுக்குள் இருக்கிறது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
கோப்பையில் சிறுநீர் கழித்து
யோக்கியதையை நிரூபிக்கிறவன் நான்.
என் முழங்காலை மாநிலம் அனுமதிக்கிறது,
என் சம்பளம் அனுமதிக்கவில்லை.
தேய்ப்பதைச் சோதனை பிடிக்காது என்று அவள்தான் சொன்னாள்.
நம்பித் தேய்க்கிறேன்.
"பரவாயில்லை" என்றேன்.

அன்று ராத்திரி தனியாகப் போய்
சக்கரத்தில் கை வைத்தேன்.
இரும்பு இன்னும் சூடாக இருந்தது.
பதினொரு சுற்று.
ஆயிரத்து எண்ணூறு செடி.
இருபத்திரண்டு வருட வேலை.
கையை எடுத்துவிட்டேன்.
பூட்டு என்னைத் தடுத்தது என்று சொல்ல முடியாது,
சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

திரும்பி நடக்கையில் காலில் ஈரம்.
மதகுக்குக் கீழே நாற்பதடியில்
கோஃபர் எலி கரையைக் குடைந்திருந்தது.
கட்டைவிரல் பருமனில் தண்ணீர்
அவள் வேலிக்குள் பொசிந்துகொண்டிருந்தது,
யார் உத்தரவும் கேட்காமல்.

முறைப்படி படிவம் எழுதினேன்.
இடம். அகலம். கசிவின் அளவு.
காரணம்: எலி.
அவசரமா என்ற கட்டத்தில்
இல்லை.
அவசரமில்லாத ஓட்டையை அடைக்க இருபத்தொரு நாள்,
அவகாசம் தந்தது வாஷிங்டன்தான், நானல்ல.
கையெழுத்து. தேதி.

நேற்று பத்தொன்பதாம் நாள்.
மோட்டார் வந்து மாட்டியாயிற்று, சத்தம் கேட்கிறது.
ஓட்டை இப்போது என் முஷ்டி அளவு.
மண்வெட்டி டிரக்கிலேயே கிடக்கிறது.
எலி தலையை நீட்டி என்னைப் பார்த்தது.
அதன் பல்லில் இருந்தது
இந்தப் பக்கத்து மண்ணா, அந்தப் பக்கத்து மண்ணா,
எனக்குப் பிடிபடவில்லை.